மரை கெட்டியானால் பல் உதிரும்: வீட்டுப் பட்டறை கேஸ் ஹார்டனிங்கில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கேஸ் ஹார்டனிங் (மெத்தென்ற இரும்பின் மேல்தோலில் மட்டும் கரி ஏற்றிக் கெட்டியாக்குவது) என்றதும் எந்த இடம் கெட்டியாக வேண்டும் என்றுதான் யோசிப்போம். எந்த இடம் கெட்டியாகவே கூடாது என்பதை முதலில் முடிவு செய்வது நல்லது.

நான் முதலில் செய்தது ஒரு கீல் பின். 20 மி.மீ. எம்.எஸ். ராடு (கரி குறைந்த மெத்தென்ற இரும்பு), ஒரு முனையில் எம்10 மரை, அதாவது 10 மி.மீ. விட்டம். முழுப் பின்னையும் கரி நிரப்பி மூடிய பெட்டியில் வைத்துக் காய்ச்சி, உப்புத் தண்ணீரில் முக்கினேன். அரம் கடிக்காமல் வழுக்கியது, கெட்டியாகிவிட்டது என்று எனக்கு ஒரே சந்தோஷம். நட்டை இறுக்கியதும் மரைப்பல் பொலபொலவென்று உதிர்ந்தது. சின்னப் பல்லுக்குள் எல்லாப் பக்கமிருந்தும் கரி ஏறினால் நடுவில் மெத்தென்ற இரும்பே மிஞ்சாது.

அடுத்த முறை மரையில் செம்பு படியட்டும் என்று மயில்துத்தக் (காப்பர் சல்பேட்) கரைசலைத் தடவினேன். செம்பு பூசிய இடத்தில் கரி ஏறாது என்பது உண்மைதான். ஆனால் அது தொழிற்சாலையில் நுண்துளை இல்லாமல் ஏற்றும் மின்முலாம். நாம் கோடு கீறி அளவு குறிக்க இப்படித் தடவும் செம்பு விரலால் தேய்த்தாலே போய்விடும். சூளையில் எங்கே நிற்கும்?

வீட்டில் நம்பக்கூடிய வழி கொஞ்சம் மெனக்கெட வைக்கும். மரை வரும் இடத்தை 10 மி.மீ.க்குக் கடையாமல் 14 மி.மீ.யாக விட்டுவிடுங்கள். கரி ஏற்றியதும் முக்கக் கூடாது. பெட்டியோடு ராத்திரி முழுக்க ஆற விடுங்கள். மறுநாள் லேத்தில் அந்தத் தோலைக் கடைந்து எடுத்துவிட்டு மரை போடுங்கள். அதற்கு அப்புறம்தான் மறுபடி காய்ச்சி முக்குவது. கரி இல்லாத மரை, முக்கினாலும் பெரிதாகக் கெட்டியாகாது. முனையின் முகத்திலும் கரி ஏறும் என்பதால் நீளத்திலும் 2 மி.மீ. கூடுதலாக விடுங்கள். இதை நான் ஒருமுறை மறந்திருக்கிறேன்.

நேரக் கணக்கில் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். சுமார் 925 டிகிரி செல்சியஸில் ஒரு மணி நேரத்தில் அரை மி.மீ. அளவுக்குக் கரி இறங்கும். அதை இரட்டிப்பாக்க இரண்டு மணி நேரம் போதாது, நாலு மணி நேரம் வேண்டும். அதுவும் பெட்டியின் நடுப்பகுதி அந்தச் சூட்டைத் தொட்ட பிறகுதான் கணக்கு ஆரம்பிக்கும்.

ஈரக் கரியைப் போடாதீர்கள். மூடியைக் களிமண்ணால் பூசுங்கள். பெட்டியிலிருந்து கசிவது கார்பன் மோனாக்சைடு, அதனால் வேலை திறந்த வெளியில்தான். கரிக்குப் பதில் சிலர் சொல்லும் சயனைடு உப்பு பக்கமே போக வேண்டாம். பொட்டாசியம் ஃபெர்ரோசயனைடு ஆபத்தில்லை என்பார்கள், செஞ்சூட்டில் அதுவும் சிதைந்து சயனைடாகும்.

முக்குவதற்குக் காய்ச்சும்போது காந்தம் ஒட்டாமல் போன பின் இன்னும் கொஞ்சம் சூடு போதும். பின்னைச் செங்குத்தாக இறக்குங்கள், சாய்த்தால் வளையும். கையோடு 150 முதல் 180 டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்து டெம்பர் செய்யுங்கள், அதாவது நொறுங்கும் தன்மையைக் குறையுங்கள். அவசரத்தில் விட்டுப்போவது இதுதான்.

கடைசியில் பழைய அரத்தை எடுங்கள். தேயும் பகுதியில் அது வழுக்க வேண்டும், மரை முனையின் முகத்தில் கடிக்க வேண்டும். அங்கேயும் வழுக்கினால் நட்டைப் போட்டுப் பார்க்காதீர்கள்.