செவன்ஸில் ஜெயிக்கும் டீம் பதினொருவர் ஆட்டத்தில் தோற்றால்

கன்னியாகுமரி கடற்கரை ஊர்களிலும் எல்லை தாண்டிக் கேரளத்திலும் பையன்கள் செவன்ஸ், அதாவது டீமுக்கு ஏழு பேர் ஆடும் கால்பந்து, ஆடித்தான் வளர்கிறார்கள். சின்ன கிரவுண்ட், எதிரணியின் பேக்குகளைத் தாண்டி நின்று பந்து வாங்கக் கூடாது என்ற ஆஃப்சைடு விதியும் பெரும்பாலும் கிடையாது. பந்து எங்கே போகிறதோ அங்கே மூன்று பேர் ஓடினாலும் திரும்பி வர நேரம் இருக்கும். அதே டீம் முழு கிரவுண்டில் இறங்கி மூன்று நான்கு கோல் வாங்கித் தோற்றால், காரணம் பெரும்பாலும் திறமைக் குறைவு அல்ல, ஆட்களுக்கு நடுவே விழுந்த தூரம். ஒரு வாரம் ஒழுங்காக வேலை செய்தால் இதில் பாதியையாவது சரி செய்துவிடலாம்.

தோற்ற இரவே வாட்ஸ்அப் குழுவில் யாரால் கோல் விழுந்தது என்ற பேச்சு கிளம்பும். கேப்டன் அதை அங்கேயே நிறுத்திவிட வேண்டும். கோபம் ஆறிய பிறகு, வாங்கிய ஒவ்வொரு கோலையும் பதினைந்து நொடி பின்னால் போய்ப் பாருங்கள். யாராவது போனில் எடுத்த வீடியோ இருந்தால் நல்லது. இல்லையென்றால் வெளியே உட்கார்ந்திருந்த மாற்று ஆட்டக்காரர்களைக் கேளுங்கள், ஆடியவர்களைவிட அவர்களுக்குத்தான் சரியாக நினைவிருக்கும். பந்து எங்கே பறிபோனது, அப்போது பந்துக்குப் பின்னால் நம்மவர் எத்தனை பேர், பக்கத்தில் இருந்தவன் என்ன செய்தான் என்ற மூன்றையும் தாளில் எழுதுங்கள்.

அடிக்கடி நடக்கும் ஒரு கோலைப் பார்ப்போம். எதிரணி ஸ்ட்ரைக்கர் தனியாக வந்து அடிக்கிறான், எல்லோரும் கீப்பரைத் திட்டுகிறார்கள். பத்து நொடி பின்னால் போனால், நம் ரைட் பேக் எதிரணிப் பாதியில் த்ரோ எறிகிறான். லெப்ட் பேக்கும் ஆசையில் மேலே ஏறிவிட்டான். நடுவில் பந்து பறிபோகிறது. பக்கத்தில் நின்ற இரண்டு பேர் ஃபவுல் கேட்டுக் கையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறார்கள். ஒரு நீளப் பாஸ், அதைத் தடுக்கப் பின்வரிசையின் நடுவில் நிற்கும் இரண்டு ஸ்டாப்பர்கள், அவர்களுக்குப் பின்னால் அரை கிரவுண்ட் காலி. தவறு கீப்பரிடம் தொடங்கவே இல்லை. ஒரு பக்க பேக் ஏறினால் மறுபக்க பேக் ஸ்டாப்பர்களோடு ஒரே வரியில் நிற்க வேண்டும் என்ற ஒரே விதி இந்தக் கோலைத் தடுத்திருக்கும்.

தூரத்தைப் பயிற்சியாக்குவது

1980களின் கடைசியில் இத்தாலியின் ஏசி மிலான் டீமுக்குப் பயிற்சியாளராக இருந்த அர்ரிகோ சாக்கி, கடைசி பேக்குக்கும் முன் ஸ்ட்ரைக்கருக்கும் நடுவே சுமார் 25 மீட்டர்தான் இருக்க வேண்டும் என்று கறாராக இருந்தார். வேலைக்குப் போய்விட்டு மாலையில் ஆடுகிறவர்களுக்கு 35 மீட்டருக்குள் நின்றால் போதும். பெனால்டி பாக்ஸின் ஆழம் 16.5 மீட்டர். இரண்டு பாக்ஸ் ஆழம் என்று சொன்னால் எல்லோருக்கும் கண்ணளவு பிடிபடும்.

பயிற்சிக்கு எதிரணியே தேவையில்லை. பத்துப் பேரை அவரவர் இடத்தில் நிறுத்துங்கள். கிரவுண்டில் ஆறு இடங்களில் கோன் வைத்து எண் கொடுங்கள். எண்ணைக் கூப்பிட்டதும் பந்து அங்கே இருப்பதாக நினைத்து மொத்த டீமும் நான்கு நொடியில் நகர்ந்து நிற்க வேண்டும். உடனே பத்து மீட்டர் கயிற்றால் பேக்குகளின் இடைவெளியை அளந்து பாருங்கள். கயிறு எட்டாவிட்டால் இடைவெளி அதிகம். பதினைந்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம், சலித்துவிடும்.

இதில் இரண்டு தவறு கட்டாயம் வரும். பந்து வலது ஓரத்தில் இருக்கும்போது லெப்ட் பேக் தன் ஓரக் கோட்டிலேயே நிற்பான். அவன் தூரத்து போஸ்டுக்கு நேராவது உள்ளே வர வேண்டும். அடுத்தது, செவன்ஸ் பழக்கத்தில் ஒரு ஸ்டாப்பர் ஸ்ட்ரைக்கரைப் பிடித்துக்கொண்டே பின்னால் போவான். அவன் ஒருவன் பின்தங்கினால் மற்ற மூவர் பிடித்த ஆஃப்சைடு வரிக்கு அர்த்தமே இல்லை. பந்து வைத்திருப்பவன் தலை நிமிர்ந்து, யாரும் நெருக்காமல் நின்றால் நால்வரும் இறங்க வேண்டும். அவன் முதுகைக் காட்டினாலோ பின்னால் பாஸ் கொடுத்தாலோ நால்வரும் ஏற வேண்டும். கட்டளை ஒரே ஸ்டாப்பரிடம் இருக்கட்டும்.

பந்து போன அந்த ஐந்து நொடி

30-க்கு 20 மீட்டர் கட்டத்தில் ஐவருக்கு ஐவர், கோல் போஸ்ட் வேண்டாம். தொடர்ந்து ஆறு பாஸுக்கு ஒரு புள்ளி. பறிபோன பந்தை ஐந்து நொடிக்குள் மீட்டால் இரண்டு புள்ளி. மூன்று நிமிடமாக நான்கு சுற்று, நடுவே ஒன்றரை நிமிட ஓய்வு. ஐவரும் பந்தை நோக்கிப் பாய்வதுதான் இதில் கெடும் இடம். ஒருவன் பந்துக்கு, ஒருவன் அவனுக்கு கவர், மற்ற மூவர் பாஸ் போகும் வழியில். ஃபவுல் கேட்டு நிற்கிறவனின் டீமுக்கு ஒரு புள்ளி குறையுங்கள். இரண்டாம் நாளிலேயே அந்தப் பழக்கம் குறையத் தொடங்கும்.

குரலும் பயிற்சிக்குரியதுதான். ‘ஆள் வரான்’, ‘டைம் இருக்கு’, ‘திரும்பு’ என்று மூன்று சொல் எல்லோருக்கும் பொதுவாக இருக்கட்டும். மேலே வரும் பந்துக்கு ‘விடு’ என்று கத்த வேண்டாம். யாரை விடச் சொல்கிறோம் என்று நம் ஆளுக்கே குழப்பம். எதிரணியின் கவனத்தைக் குலைத்ததாக நடுவர் நினைத்தால் மஞ்சள் அட்டையும் வரும். ‘கீப்பர்’ என்றோ பெயரைச் சொல்லியோ கூப்பிடுங்கள்.

எதிரணி கார்னர் அடிக்கும்போது, கோலுக்கு முன்னால் உள்ள 5.5 மீட்டர் கட்டத்தில் உயரமான மூவர் இடம் பிடித்து நிற்கட்டும், மற்றவர்கள் ஆளுக்கு ஆள். பாக்ஸுக்கு வெளியே ஒருவன் திரும்பி வரும் பந்துக்கு.

பயிற்சிக்கு எட்டுப் பேர்தான் வந்தார்கள் என்றால் ரத்து செய்யாதீர்கள். நான்கு பேக், இரண்டு மிட்ஃபீல்டர், எதிரே இரண்டு ஸ்ட்ரைக்கர் என்று வைத்து அந்தப் பகுதியை மட்டும் ஆடுங்கள். கோலுக்குக் காரணமானவனை அடுத்த ஆட்டத்தில் உடனே உட்கார வைப்பதையும் தவிர்க்கலாம். ஒருவனை அப்படி வைத்தால் மற்ற பத்துப் பேரும் பயந்து, பந்து கேட்காமல் ஒளிந்துகொள்வார்கள்.

அடுத்த ஆட்டத்தில் மாற்று ஆட்டக்காரர் ஒருவரிடம் தாளும் பேனாவும் கொடுங்கள். இரண்டு பேக்கும் ஒரே நேரத்தில் மேலே இருந்தது எத்தனை முறை, பந்து போனதும் யாரும் நெருக்காதது எத்தனை முறை என்ற இரண்டை மட்டும் கோடு போட்டுக் குறிக்கட்டும். இடைவேளையில் முதல் மூன்று நிமிடம் தண்ணீர் மட்டும், பேச்சு வேண்டாம். பிறகு கேப்டன் அந்தக் கோடுகளைக் காட்டி, எந்தப் பக்க பேக் பின்னால் நிற்பது என்று மட்டும் சொல்லி அனுப்பினால் போதும்.