பாறைக்கு எடை வேண்டாம், கனம் வேண்டும்: செயற்கைப் பாறை செய்வதில் நேரும் தவறுகள்

ஒரு கன மீட்டர் கருங்கல் ஏறத்தாழ 2,700 கிலோ எடை இருக்கும். அதே அளவு தெர்மாகோல் 15, 20 கிலோவுக்குள் அடங்கிவிடும். நாடக மேடைக்கோ கண்காட்சி அரங்குக்கோ ஆளுயரப் பாறையை ஒருவரே தூக்கிவந்து நிறுத்த முடிவது இதனால்தான். தெர்மாகோலில் சுமார் 98 சதவீதம் காற்று. மீதிதான் பாலிஸ்டைரீன் என்ற பிளாஸ்டிக். ஆக, பாறை செய்கிறவர் காற்றைத்தான் செதுக்குகிறார். இந்த வேலையில் நேரும் தவறுகளில் பெரும்பாலானவை அதை மறப்பதால் வருகின்றன.

நான் முதலில் செய்த பெரிய பாறை ஒரு நாடகத்துக்கானது. மூன்று நாள் செதுக்கினேன். நேரம் நெருங்கியதால் நிறத்தை விரைவில் முடிக்க எண்ணி, டப்பாவில் வரும் ஸ்ப்ரே பெயிண்டை நேரடியாக அடித்தேன். பெயிண்ட் பட்ட இடத்தில் மெல்லிய சீறல் கேட்டது. பளபளவென்று ஈரமாக இருந்த பரப்பில் முதலில் கடுகளவு குழிகள் விழுந்தன. பிறகு அவை ஒன்றோடொன்று சேர்ந்தன. விரிசல் என்று நான் கவனமாகக் கீறியிருந்த கோடுகள் வாய் பிளந்து பள்ளங்களாயின. மேல்முனை பாகு போலச் சரிந்து கீழே ஒட்டிக்கொண்டது. பத்து நிமிடத்தில் மூன்று நாள் உழைப்பு போய்விட்டது.

ஸ்ப்ரே பெயிண்ட், தின்னர், அசிட்டோன், பெட்ரோல் ஆகியவற்றில் பாலிஸ்டைரீன் கரையும். பிளாஸ்டிக் சுவர் கரைந்ததும் உள்ளே அடைபட்டிருந்த காற்று வெளியேறுகிறது. மிஞ்சுவது ஒரு கைப்பிடிப் பிசின்தான். தண்ணீரில் கலக்கும் எமல்ஷனும் அக்ரிலிக் பெயிண்டும் இதைச் செய்யாது. ஸ்ப்ரேதான் வேண்டும் என்றால் முதலில் எமல்ஷனையோ சிமெண்டுப் பூச்சையோ ஊசித்துளைகூட இல்லாமல் போட்டு, நன்றாக உலரவிட வேண்டும். ரப்பர் பசைகளிலும் பல கரைப்பான் கலந்தவையே. எந்தப் பொருளானாலும் வெட்டி எறிந்த துண்டு ஒன்றில் தடவி ஓர் இரவு வைத்துப் பார்க்காமல் பாறையைத் தொடாதீர்கள்.

வெள்ளைப் பசை கரைக்காது. ஆனால் அதில் வேறொரு சிக்கல் இருக்கிறது. இரண்டு தடித்த பலகைகளுக்கு நடுவே அதைத் தடவினால் அதிலுள்ள தண்ணீர் ஆவியாகி வெளியேற வழியில்லை. ஓரத்தில் காய்ந்திருக்கும், நடுவில் பல நாள் ஈரமாகவே கிடக்கும். தூக்கும்போது பாறை இரண்டாகப் பிரியும். பாலியூரித்தேன் நுரைப் பசை ஈரத்தை எடுத்துக்கொண்டு இறுகுவதால் இங்கே பொருத்தமானது. அது விரியும்; ஆகவே குறைவாக இட்டு, மூங்கில் குச்சிகளைக் குத்திப் பலகைகளை இறுக்கிவையுங்கள். இறுகுவதற்கு முன் அது தோலில் பட்டால் எளிதில் போகாது, அதன் ஆவியும் மூச்சுக்கு நல்லதல்ல. கையுறையும் திறந்த ஜன்னலும் கட்டாயம். சூடான கம்பியால் தெர்மாகோலை வெட்டும்போது கிளம்பும் புகைக்கும் இதே எச்சரிக்கைதான்.

இனி, எனக்கு மிக முக்கியமாகப் படும் தவறு. பொதுவாகப் ‘பாறை’ என்ற ஒன்றைச் செய்ய முயல்வது. அப்படி ஒன்று கிடையாது. மணற்பாறை அடுக்கடுக்காகப் படிந்து உருவானது. அதில் படிவுக் கோடுகள் தெரியும். கருங்கல் பல இடங்களில் வெங்காயத் தோல் உரிவதுபோல் தகடு தகடாக உரிந்து, முனை மழுங்கி உருண்டு கிடக்கும். எரிமலைக் குழம்பு குளிர்ந்து உண்டாகும் பசால்ட் அறுகோணத் தூண்களாகப் பிளப்பதுண்டு. எதைச் செய்யப்போகிறோம் என்று முடிவு செய்யாமல் கத்தியை எடுத்தால், பாறையும் இல்லாத பஞ்சு மூட்டையும் இல்லாத ஒன்றுதான் வரும்.

விரிசல்களைப் பாருங்கள். புதிதாகச் செய்கிறவர்கள் சிலந்தி வலைபோல எல்லாப் பக்கமும் கீறிவிடுகிறார்கள். உண்மையான பாறையில் விரிசல்களுக்குத் திசை உண்டு: ஒன்றுக்கொன்று ஏறத்தாழ இணையாகச் சில ஓடும், அவற்றைக் குறுக்கே வெட்டிக்கொண்டு வேறு சில ஓடும். படிவு அடுக்குகளும் அப்படியே. ஒரே காட்சியில் ஐந்து பாறைகள் இருந்தால் ஐந்திலும் அடுக்குகள் ஒரே பக்கம், ஏறக்குறைய ஒரே கோணத்தில் சாய்ந்திருக்க வேண்டும். அப்போதுதான் அவை ஒரே மலையிலிருந்து வெளியே நீட்டிக்கொண்டிருப்பதாகக் கண் நம்பும். 19ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் ஜேம்ஸ் புல்ஹாமின் நிறுவனம் செங்கல் உடைசலையும் உலைக் கசடையும் குவித்து, மேலே சிமெண்டு பூசித் தோட்டப் பாறைகளைக் கட்டியது. உள்ளே இருந்தது குப்பைதான். அடுக்குகளையும் பிளவுகளையும் இயற்கையைப் பார்த்து அமைத்ததால் அவை பாறையாகவே நின்றன.

வேலை மேசையில் கைப்பிடி அளவு நிஜக் கல் ஒன்று எப்போதும் இருக்கட்டும். நான் அது இல்லாமல் தொடங்குவதே இல்லை.

கத்தியால் மட்டும் செதுக்கினால் பரப்பு வழவழவென்று இருக்கும். தெர்மாகோலைக் கையால் உடைத்து, உடைந்த முகத்தைக் கம்பித் தூரிகையால் தேயுங்கள். அப்படியே விட்டால் அதன் மணிகள் பெயிண்டுக்கு மேலும் உருண்டை உருண்டையாகத் தெரியும். பூச்சு போட்டுத்தான் மறைக்க முடியும். நுண்ணிய கோடுகள் வேண்டும் என்றால், வெப்பக் காப்புப் பலகையாக விற்கும் நெருக்கமான நுரைப்பலகையே நல்லது. உதிரும் மணிகளை உடனுக்குடன் கூட்டி அள்ளிவிடுங்கள். காற்றில் பறந்து நீர்நிலைக்குப் போனால் அவை மக்காது. மீனும் பறவையும் இரை என்று விழுங்கும். இதைச் சின்ன விஷயமாக நினைக்க என்னால் முடியவில்லை.

சிமெண்டுப் பூச்சு நான்கைந்து மில்லிமீட்டர் போதும். தடிமனைக் கூட்டினால் உறுதி வரும் என்று எண்ணி அப்பிக்கொண்டே போனால் எடை குறைந்த பாறை செய்ததன் பயனே போய்விடும். உறுதிக்கு, பூச்சுக்குள் கண்ணாடி இழை வலையைப் பதிக்கலாம். வெயிலில் வைத்து அவசரமாகக் காயவிட்டால் பூச்சு வெடிக்கும். சில நாள் ஈரத்துணி போர்த்திவையுங்கள். ஈரச் சிமெண்டு கடும் காரத்தன்மை உடையது, வெறுங்கையால் பிசையக் கூடாது.

நிறத்தில் எல்லோரும் செய்யும் பிழை கறுப்பையும் வெள்ளையையும் கலந்து சாம்பல் பூசுவது. அது பிளாஸ்டிக் வாளியின் நிறம். கரும்பழுப்பில் தொடங்கி, விரிசல்களுக்குள் அது தங்கும்படி விட்டு, மேடுகளில் மட்டும் வெளிர் நிறத்தைக் கிட்டத்தட்ட உலர்ந்த தூரிகையால் தொட்டுத் தொட்டு எடுங்கள். காவியும் மங்கிய பச்சையும் அங்கங்கே கொஞ்சம் சேரட்டும். மேலே பளபளப்பான வார்னிஷ் வேண்டாம். எந்த விளக்கில் பாறை நிற்கப் போகிறதோ அந்த விளக்கில் வைத்தே நிறம் கலக்குங்கள்.

இவ்வளவு செய்தும் பாறையைத் தரையில் ‘வைத்துவிட்டால்’ எல்லாம் வீண். பாறை தரைக்குள்ளிருந்து வருவது. அடிப்பகுதியைக் கொஞ்சம் புதையுங்கள், அல்லது தட்டையாக வெட்டி, விளிம்பைச் சுற்றி அதே நிறச் சரளையையும் மண்ணையும் குவியுங்கள். அடியில் தெரியும் மெல்லிய இருட்டுக் கோடு ஒன்றே அது கனமற்றது என்று காட்டிக்கொடுக்கும். திறந்த வெளியில் என்றால் உள்ளே குடைந்து மணல் மூட்டை வையுங்கள். இல்லையேல் காற்றில் உருளும்.

மீன் தொட்டியில் இதே கணக்கு தலைகீழாகும். பத்து லிட்டர் கொள்ளளவுள்ள நுரைப்பாறையைத் தண்ணீர் ஏறத்தாழ பத்து கிலோ விசையோடு மேலே தள்ளும். சரளையைக் குவித்து அதை அடக்க முடியாது. தண்ணீர் ஊற்றும் முன்பே மீனுக்குக் கேடில்லாத சிலிக்கோனால் கண்ணாடியோடு ஒட்டிவிட வேண்டும். சிமெண்டு பூசியிருந்தால் அதிலிருந்து கசியும் காரம் மீன்களைக் கொல்லலாம். வாரக்கணக்கில் ஊறவைத்து, தண்ணீரை மாற்றி மாற்றி, காரத்தன்மையைச் சோதித்த பிறகே மீன்களை விடுங்கள்.

நன்றாக அமைந்த பாறையில் யாராவது ஏறி உட்காரத்தான் செய்வார்கள், குழந்தைகள் நிச்சயம் ஏறுவார்கள். உள்ளே மரச்சட்டமோ இரும்புச் சட்டமோ இல்லையென்றால் எட்டாத இடத்தில் வையுங்கள்.

நெருப்பு விஷயத்தில் மட்டும் எந்தச் சமரசமும் வேண்டாம். பாலிஸ்டைரீன் 100 டிகிரி செல்சியஸ் அளவிலேயே இளகிவிடும். தீப்பிடித்தால் கரும்புகையோடு, உருகிச் சொட்டிச் சொட்டி எரியும். சாதாரணப் பெயிண்ட் அதைத் தடுக்காது. மக்கள் கூடும் இடத்துக்குத் தீத்தடுப்பு சேர்த்த பலகையைக் கேட்டு வாங்குங்கள். வெளியேறும் வழியில் பாறையை அடுக்காதீர்கள். மெழுகுவர்த்தியை அருகே கொண்டுவராதீர்கள். எல்லாம் நிறுத்திய பின், விளக்குகளை ஒரு மணி நேரம் எரியவிட்டு, ஒளி நேராக விழும் இடத்தில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். சூடு தெரிந்தால் விளக்கைத் தள்ளி வையுங்கள்.