டி டிரைவில் இருந்தால் போதாது: வீட்டுக் கணினியிலுள்ள படங்களுக்கு நகல் எடுக்கும் முறை

கணினியைப் பழுதுபார்க்கக் கொடுத்தால், "படமெல்லாம் டி டிரைவில்தானே இருக்கிறது?" என்று கடைக்காரர் கேட்பார். ஆமாம் என்றால் சி டிரைவை மட்டும் ஃபார்மட் செய்து, விண்டோஸை மறுபடி ஏற்றித் தருவார். படங்கள் அப்படியே இருக்கும். இதைப் பார்த்துப் பார்த்தே, டி டிரைவில் போட்டுவிட்டால் பத்திரம் என்ற நம்பிக்கை நம் வீடுகளில் ஊறிப்போய்விட்டது. விண்டோஸ் கெட்டால் அது உதவும். ஹார்ட் டிஸ்க் எனும் வட்டே கெட்டால் உதவாது.

உங்கள் கணினியில் இதை இப்போதே சோதித்துப் பார்க்கலாம். கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் பெர்ஃபார்மன்ஸ் பகுதிக்குப் போய், இடப்பக்கம் 'டிஸ்க் 0' என்பதைப் பாருங்கள். அதன் பக்கத்திலேயே சி, டி என்று இரண்டு எழுத்துகளும் இருந்தால், இரண்டும் ஒரே வட்டின் பகுதிகள். பழுதானால் இரண்டும் சேர்ந்தே போகும். குழந்தையின் முதல் பிறந்தநாளும் தாத்தாவின் கடைசிப் படமும் அந்த ஒரே வட்டில் இருக்கின்றன என்றால், கீழே உள்ள வேலைக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமையை ஒதுக்கிவிடுங்கள்.

படி 1: எதில் நகல் எடுப்பது?

யூஎஸ்பியில் செருகும் வெளி ஹார்ட் டிஸ்க் ஒன்று வேண்டும். உங்களிடம் இப்போதுள்ள படங்களின் அளவைப்போல் இருமடங்கு கொள்ளளவு இருந்தால், சில ஆண்டுகளுக்குக் கவலையில்லை. 1 டிபி என்று வாங்கியது விண்டோஸில் 931 ஜிபி என்று காட்டும். பதறவேண்டாம், ஏமாற்று வேலை எதுவும் இல்லை. தயாரிப்பாளர் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார், விண்டோஸ் 1024 ஆக எண்ணுகிறது, அவ்வளவுதான்.

அலமாரியில் நெடுநாள் கிடக்கப்போகும் நகலுக்கு, சுழலும் பாகமின்றி சிப்புகளில் சேமிக்கும் எஸ்எஸ்டியைவிட, சுழலும் வட்டுள்ள சாதாரண ஹார்ட் டிஸ்க்கையே நான் பரிந்துரைப்பேன். மின்சாரமே காணாமல் பல காலம் கிடந்தால் எஸ்எஸ்டியில் தரவு அழியும் வாய்ப்பு உண்டு. பென் டிரைவ் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கோப்பைக் கொண்டுபோகத்தான். சேமித்து வைக்க அது வேண்டாம்.

டிஸ்க்கைச் செருகியதும் அதன்மேல் வலது கிளிக் செய்து, பிராபர்ட்டீஸில் ஃபைல் சிஸ்டம் என்ன என்று பாருங்கள். என்டிஎஃப்எஸ் அல்லது எக்ஸ்ஃபேட் என்று இருக்கவேண்டும். ஃபேட்32 என்றிருந்தால் 4 ஜிபிக்கு மேற்பட்ட கோப்பு எதுவும் அதில் ஏறாது. கல்யாண வீடியோவிலேயே வேலை நின்றுவிடும். புது டிஸ்க்காக இருக்கும்போதே ஃபார்மட் செய்து மாற்றிக்கொள்ளுங்கள்.

படி 2: சிதறிக் கிடப்பதை ஓரிடத்தில் சேர்ப்பது

மொத்த வேலையிலும் அதிக நேரம் பிடிப்பது இதுதான். படங்கள் டெஸ்க்டாப்பில் இருக்கும், டவுன்லோட்ஸில் இருக்கும், 'நியூ ஃபோல்டர் 2' என்ற பெயரில் எங்கேயாவது இருக்கும். பழைய மெமரி கார்டுகளையும் ஒருமுறை செருகிப் பாருங்கள். போனை கேபிளில் இணைத்து, 'ஃபைல் டிரான்ஸ்ஃபர்' என்பதைத் தேர்ந்தால் டிசிஐஎம் என்ற ஃபோல்டர் தெரியும். போன் கேமராவில் எடுத்த படங்கள் அதில்தான் இருக்கும். வாட்ஸ்அப்பில் படமாக வந்தவை பெரும்பாலும் அளவு குறைக்கப்பட்டவை. முக்கியமான குடும்பப் படம் என்றால், எடுத்தவரிடமே கேட்டு, டாக்குமென்ட்டாக அனுப்பச் சொல்லி மூலத்தை வாங்கிவிடுங்கள்.

டி டிரைவில் 'குடும்பப் படங்கள்' என்று ஒரு ஃபோல்டரை உருவாக்குங்கள். அதற்குள் ஆண்டுவாரியாக ஃபோல்டர்கள். அவற்றுக்குள் '2019-05-12 வளைகாப்பு' என்பதுபோல் நிகழ்ச்சிகள். ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில், மாதத்தை இரண்டு இலக்கத்தில் எழுதினால், ஃபோல்டர்கள் தாமாகவே காலவரிசையில் நின்றுவிடும். தமிழில் பெயர் வைப்பதில் விண்டோஸுக்கு எந்தச் சிக்கலும் இல்லை.

பழைய தமிழ்க் கோப்புகள் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பாமினி போன்ற, யூனிகோட் அல்லாத எழுத்துருவில் தட்டச்சு செய்த வேர்டு கோப்புகளை மட்டும் நகலெடுத்தால் போதாது. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அவை வெறும் ஆங்கில எழுத்துக் குப்பையாகத்தான் தெரியும். சி டிரைவில் விண்டோஸுக்குள் உள்ள ஃபான்ட்ஸ் ஃபோல்டரிலிருந்து அந்த எழுத்துருக் கோப்பையும் எடுத்து, உடன் வையுங்கள். ஒவ்வொன்றையும் பிடிஎஃப் ஆகவும் சேமித்துவிட்டால் இன்னும் நல்லது. அப்பா எழுதிய கட்டுரைகள் இருபது ஆண்டு கழித்தும் படிக்கும்படி இருக்கவேண்டும் அல்லவா?

படி 3: நகலெடுப்பது, சரிபார்ப்பது

'காப்பி' மட்டுமே செய்யுங்கள், 'கட்' வேண்டவே வேண்டாம். பாதியில் மின்சாரம் போனாலும் மூலம் டி டிரைவில் இருக்கவேண்டும்.

முடிந்ததும் இரண்டு ஃபோல்டர்களிலும் வலது கிளிக் செய்து, பிராபர்ட்டீஸைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கோப்புகளின் எண்ணிக்கையும் 'சைஸ்' என்ற அளவும் ஒத்துப்போகவேண்டும். 'சைஸ் ஆன் டிஸ்க்' மாறுபட்டால் பரவாயில்லை. அடுத்து, ஆண்டுக்கு நான்கைந்து படங்களையும் ஓரிரு வீடியோக்களையும் வெளி டிஸ்க்கிலிருந்தே திறந்து பாருங்கள். முடிந்தால் வேறொரு கணினியில் செருகித் திறந்து பாருங்கள். பெரும்பாலோர் விட்டுவிடுவது இதைத்தான். திறந்து பார்க்காத நகலை நான் நகலாகக் கணக்கில் வைப்பதில்லை. டிஸ்க்கைப் பிடுங்கும்முன் 'இஜெக்ட்' கொடுங்கள்.

படி 4: இனி வருபவற்றைத் தானாக எடுக்கச் செய்வது

கண்ட்ரோல் பேனலில் ஃபைல் ஹிஸ்டரி என்ற வசதி இருக்கிறது. டிஸ்க்கைச் செருகி, 'டர்ன் ஆன்' கொடுத்தால், மாறிய கோப்புகளை மணிக்கொருமுறை அதுவே நகலெடுக்கும். ஆனால், டி டிரைவில் நீங்கள் உருவாக்கிய ஃபோல்டரை அது தானாகச் சேர்த்துக்கொள்ளாது. அந்த ஃபோல்டரில் வலது கிளிக் செய்து, 'இன்க்ளூட் இன் லைப்ரரி' என்பதில் பிக்சர்ஸைத் தேர்ந்தெடுங்கள். விண்டோஸ் 11 என்றால் முதலில் 'ஷோ மோர் ஆப்ஷன்ஸ்' கொடுக்கவேண்டும்.

இதற்காக டிஸ்க்கை எப்போதும் செருகியே வைக்காதீர்கள். கோப்புகளைப் பூட்டிவிட்டுத் திறக்கப் பணம் கேட்கும் வானாக்ரை என்ற தீநிரல் 2017 மே மாதம் உலகெங்கும் பரவியபோது, கணினியோடு இணைந்திருந்த வெளி டிரைவுகளின் கோப்புகளையும் சேர்த்தே பூட்டியது. வாரம் ஒருமுறை செருகி, வேலை முடிந்ததும் கழற்றிவிடலாம்.

படி 5: வீட்டுக்கு வெளியே இன்னொன்று

பீட்டர் க்ரோ என்ற அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் பரப்பிய 3-2-1 என்ற கணக்கு இங்கே பயன்படும்: மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சேமிப்பு, ஒன்று வேறிடத்தில். 2015 டிசம்பரில் சென்னையில் வெள்ளம் புகுந்த தரைத்தள வீடுகளை நினைத்துப் பாருங்கள். கணினியும் ஹார்ட் டிஸ்க்கும் ஒரே மேசையில் இருந்தால், நகல் எடுத்தும் பயனில்லை.

வேறிடம் என்பது இணையச் சேமிப்பாக இருக்கலாம். கூகுளில் 15 ஜிபி இலவசம். மின்னஞ்சல், டிரைவ், படங்கள் எல்லாம் அதைப் பகிர்ந்துகொள்ளும். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: போனில் கூகுள் போட்டோஸ் செயலியில் படத்தை அழித்தால், இணையத்திலிருந்தும் அது அழியும். 60 நாள் குப்பைத் தொட்டியில் கிடக்கும், அதற்குப் பிறகு திரும்பாது. இடம் போதவில்லை என்று செயலியிலிருந்தே படங்களை அழிப்பவர்கள் பலர். போனில் மட்டும் இடத்தைக் காலி செய்ய 'ஃப்ரீ அப் ஸ்பேஸ்' என்று தனி வசதி உண்டு, அதைப் பயன்படுத்துங்கள்.

இணையச் சேமிப்புக்கு மாதப் பணம் கட்ட விருப்பமில்லை என்றால், இரண்டாவது ஹார்ட் டிஸ்க் ஒன்றை வாங்கி, அதிலும் முழு நகலெடுத்து, வேறு ஊரில் இருக்கும் அண்ணன் வீட்டிலோ அக்கா வீட்டிலோ கொடுத்துவையுங்கள். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் போகும்போது வாங்கி, புதியவற்றை ஏற்றி, நாலு படத்தைத் திறந்து பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தால் போதும். ஆதார், பத்திரம் முதலியவற்றின் ஸ்கேன்களை மட்டும் அந்த டிஸ்க்கில் சேர்க்காமல், உங்கள் கையிலேயே இருக்கும் டிஸ்க்கில் வைத்துக்கொள்ளுங்கள்.