தற்கொலையா, தற்கொடையா: இந்தத் தலைப்பில் ஆய்வேடு எழுதப்போகும் பிள்ளைகளுக்கு

கணினியைப் பிறகு திறக்கலாம். முதலில் ஒரு கொப்பியை எடுத்து, பக்கத்தின் நடுவில் கோடு கிழியுங்கள். ஒரு பக்கம், தற்கொலைத் தாக்குதலைச் செய்த இயக்கம் அதற்குச் சூட்டிய சொற்கள். மறுபக்கம், அதே நிகழ்வைப் பற்றி அரசும் பத்திரிகைகளும் உயிர்தப்பியவர்களும் சொன்ன சொற்கள். ஆய்வேடு எழுத என்னிடம் வரும் எல்லாப் பிள்ளைகளுக்கும் முதல் வாரம் இந்த வேலைதான். சிலர் சலித்துக்கொள்வார்கள். ஆனாலும் நான் விடுவதில்லை, ஏனென்றால் இந்தத் துறையில் சறுக்குகிறவர்கள் பெரும்பாலும் சொல்லில்தான் சறுக்குகிறார்கள்.

விடுதலைப் புலிகளை எடுத்துக்கொண்டால் இடப்பக்கம் சீக்கிரம் நிரம்பும். தற்கொலை என்ற சொல்லை அவர்கள் ஏற்கவில்லை, தற்கொடை என்றார்கள். ஒரு எழுத்து மாறுகிறது, கொலை கொடையாகிவிடுகிறது. இறந்தவர் மாவீரர். கல்லறை துயிலும் இல்லம். உடலைப் புதைப்பதற்குப் பெயர் விதைப்பது. பெரும்பாலும் எரிக்கிற வழக்கமுள்ள சமூகத்தில் புதைக்கும் வழக்கத்தைக் கொண்டுவந்து, அதற்கு விதை என்று பெயரும் வைத்தது சின்ன வேலை அல்ல. உப்சாலாப் பல்கலைக்கழகத்தில் இருந்த பீட்டர் சால்க் இந்தச் சொற்களை நுணுகிப் பார்த்தவர். அவருடைய கட்டுரைகளை வாசியுங்கள், ஆனால் அதற்கு முன்னால் உங்கள் கொப்பி நிரம்பியிருக்க வேண்டும்.

மற்ற இடங்களிலும் இதே கோடு விழுகிறது. அரபில் தற்கொலைக்கு இன்திஹார் என்பார்கள், மார்க்கம் தடுத்த செயல் அது. அதனால் இப்படியான தாக்குதலை நியாயப்படுத்துகிறவர்கள் இஸ்திஷ்ஹாத் என்ற சொல்லைப் பிடித்தார்கள். அதன் வேரிலுள்ள ஷஹீத் என்ற சொல்லுக்கு முதற்பொருள் சாட்சி. 1944 ஒக்டோபரில் ஜப்பான் தொடங்கிய விமானத் தாக்குதல்களுக்கு அங்கே புழங்கிய பெயர் தொக்கோ, அதாவது சிறப்புத் தாக்குதல். அந்தச் சொல்லில் சாவே இல்லை.

சரி, ஆய்வேட்டில் நீங்கள் எந்தச் சொல்லை எழுதுவது? உங்கள் சொந்த வாக்கியத்தில் தற்கொலைத் தாக்குதல் என்றே எழுதுங்கள். தற்கொடை என்ற சொல் வந்தால் யார் சொன்னது என்பதும் கூடவே வரவேண்டும். இதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. 2014இல் வடமராட்சியில், புலிகளின் தற்கொலைப் பிரிவான கரும்புலிகளில் சேர்ந்து இறந்த ஒருவனின் வீட்டுக்குப் போனேன். நான் பிறந்து வளர்ந்த பக்கம். 1987 ஜூலை 5இல் நெல்லியடியில் ஆமி இருந்த பள்ளிக்கூடத்துக்குள் கரும்புலியின் லொறி வெடித்த சத்தத்தைப் பதினொரு வயதில் கேட்டவள் நான். எங்கள் ஊர்தானே, பேச்சு வந்துவிடும் என்று நினைத்துப் போனேன். மூன்றாவது கேள்வியில் என் வாயில் தற்கொலை என்ற சொல் வந்துவிட்டது. “பிள்ளை, அவன் தற்கொலை செய்யேல்லை” என்றார் அந்த அம்மா. எழும்பிக் குசினிக்குள் போனார். தேத்தண்ணி வந்தது, பேச்சு வரவில்லை.

அடுத்த மாதம் கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு ஐயாவிடம் பேசினேன். அவர் மனைவி கொழும்புக் கோட்டைப் பகுதியில் வேலை செய்தவர். 1996 ஜனவரி 31இல் மத்திய வங்கிக் கட்டடத்தில் புலிகளின் லொறி வெடித்தபோது இறந்த 91 பேரில் ஒருவர். காயப்பட்டவர்கள் ஆயிரத்துக்கு மேல், பலருக்குக் கண் போனது. இந்தமுறை கவனமாக இருக்கிறேன் என்று நினைத்து, “அவர்கள் தற்கொடை என்று சொல்வதை” என்று தொடங்கினேன். “கொடையோ மகள்? ஆர் கேட்டது?” என்றார். தமிழர்தான் அவரும்.

ஆகவே நேர்காணலுக்குப் போகும்போது இரண்டு சொல்லையும் வீட்டிலேயே விட்டுவிட்டுப் போங்கள். “அன்றைக்கு என்ன நடந்தது?” என்று கேளுங்கள். எதிரில் இருப்பவர் எந்தச் சொல்லைத் தானாக எடுக்கிறாரோ அதுவே உங்கள் தரவு.

இனி எண்ணிக்கை. மேரிலாந்துப் பல்கலைக்கழகத்தின் உலகப் பயங்கரவாதத் தரவுத்தொகுப்பு 1970இலிருந்து தொடங்குகிறது. ஆனால் அதன் முதன்மைத் தொகுப்பில் 1993ஆம் ஆண்டு இல்லை, பழைய ஆவணங்கள் இடம் மாறும்போது தொலைந்துவிட்டன. ஜனாதிபதி பிரேமதாச மே தின ஊர்வலத்தில் தற்கொலைத் தாக்குதலில் கொல்லப்பட்டது அந்த 1993இல்தான். இது தெரியாமல் வரைபடம் கீறுகிற பிள்ளை, அந்த வருடம் அமைதியாக இருந்தது என்று எழுதிவிடும்.

அதைவிடச் சிக்கலானது எதை எண்ணுவது என்பது. 2001 ஜூலை 24இல் கட்டுநாயக்கா விமானத்தளத்துக்குள் போன புலிகள் 14 பேரும் திரும்பவில்லை. சிலர் சண்டையில் சுடப்பட்டார்கள், சிலர் தங்களையே வெடிக்கவைத்தார்கள். இது ஒரு தாக்குதலா, பதினான்கா? தாக்குகிறவர் சாகாமல் தாக்குதலே நடக்காது என்பதைத்தான் தற்கொலைத் தாக்குதல் என்பீர்களா, திரும்பிவரும் எண்ணம் இல்லாமல் போனதையும் சேர்ப்பீர்களா? இரண்டு வரைவிலக்கணமும் புழக்கத்தில் உண்டு. ஒன்றைத் தெரிவுசெய்து, முதல் அத்தியாயத்திலேயே எழுதி, கடைசிவரை மாற்றாமல் இருங்கள். இயக்கத்தின் பட்டியலை மட்டும் நம்பினாலும் ஓட்டை விழும்: ராஜீவ் காந்தி கொலையைப்போல, பகிரங்கமாக உரிமை கோராதவற்றை அங்கே தேடிப் பயனில்லை.

கோட்பாடுகளில் அமெரிக்க அரசியல் அறிஞர் ராபர்ட் பேப்பை எல்லாரும் மேற்கோள் காட்டுவார்கள். 1980இலிருந்து 2001வரை 188 தாக்குதல்களை எண்ணி, அவற்றில் 75 புலிகளுடையவை என்று 2003இல் எழுதினார். மதம் இதற்கு அடிப்படை இல்லை, மண்ணை ஆக்கிரமித்த படையை வெளியேற்றும் கணக்குத்தான் என்பது அவர் வாதம். மதத்தையே காரணமாகச் சொல்லிக்கொண்டிருந்த காலத்தில் அது தேவையான வாதம்தான். ஆனால் ஸ்கொட் ஆஷ்வர்த்தும் மூன்று பேரும் 2008இல் எழுப்பிய கேள்வியைத் தாண்டாமல் அதை மேற்கோள் காட்டாதீர்கள்: தாக்குதல் நடந்த இடங்களை மட்டும் பார்த்தால், நடக்காத இடங்களில் அதே காரணம் இருந்ததா இல்லையா என்று எப்படித் தெரியும்?

இதற்கு நாங்கள் வெளிநாட்டு உதாரணம் தேடத் தேவையில்லை. ரெலோ, புளொட், ஈபிஆர்எல்எவ் எல்லாம் இதே ஊர்களில், இதே ஒடுக்குமுறைக்குள், இதே மொழியில் வளர்ந்த இயக்கங்கள். அவற்றில் கரும்புலிகளைப்போல ஒரு பிரிவு எழவில்லை. ஆக்கிரமிப்பு மட்டும் காரணமாக இருந்தால் எழுந்திருக்க வேண்டுமே. அப்போது அமைப்பின் கட்டுப்பாடு, தலைமை, இறந்த போராளிகளை நினைவுகூர 1989இலிருந்து நடந்த மாவீரர் நாள், பிடிபட்டால் கடிப்பதற்குக் கழுத்தில் கட்டிய சயனைட் குப்பி என்று பார்வையை உள்ளே திருப்ப வேண்டியிருக்கும். என் கணிப்பில் விடை அந்தப் பக்கம்தான் கிடக்கிறது. அதைவிட்டு, புறநானூற்றிலிருந்தும் நடுகல்லிலிருந்தும் நேரே கரும்புலிக்குக் கோடு இழுக்கும் அத்தியாயங்களை நான் திருப்பி அனுப்பிவிடுவேன். இரண்டாயிரம் வருடம் அந்தக் கோடு எங்கே போயிருந்தது?

புலிகளின் திலீபன் 1987இல் சாகும்வரை இருந்த உண்ணாவிரதத்தையும் சென்னையில் முத்துக்குமார் 2009இல் தீக்குளித்ததையும் இதே அட்டவணையில் போடவும் வேண்டாம். அவை இன்னொருவர் உயிரை எடுக்கவில்லை. அந்த வேறுபாடு அடிக்குறிப்புக்குள் போகிற விஷயம் அல்ல.

களத்துக்குப் போகிறவர்கள் கேட்கக்கூடாதவை சில உண்டு. யார் சேர்த்தது, யார் பயிற்சி கொடுத்தது, வெடிபொருள் எங்கிருந்து வந்தது என்பவை உங்கள் ஆய்வுக்குத் தேவையே இல்லை. 1979ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் வாழ்ந்தவர்களுக்கு அந்தப் பதில்கள் ஆபத்து. பெயர், ஊர், பள்ளிக்கூடம் எதையும் குறிப்பில் எழுதாதீர்கள். ஒலிப்பதிவைக் கைத்தொலைபேசியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறாதீர்கள்.

எழுதியதை அவர்களுக்கு வாசித்தும் காட்டுங்கள். அந்த அம்மாவிடம் நான் இரண்டாம் தரம் போனது அதற்குத்தான். முழுவதையும் கேட்டார். இளைய மகளைப் பற்றி வந்த ஒரு வரியில் நிறுத்தி, “இது வேண்டாம் பிள்ளை, அவளுக்குக் கலியாணம் பேசுறம்” என்றார். என் வாதத்துக்கே முதுகெலும்பான வரி அது. பேனையை எடுத்து அவருக்கு முன்னாலேயே வெட்டினேன்.