ஒரு தமிழ் நூலுக்கு உலகத் தரத்தில் பட்டியல் பதிவு எழுதுவது எப்படி?

நூலகப் பணியில் புதிதாகச் சேர்ந்து, பட்டியலாக்கம் முதன்முறையாகக் கைக்கு வந்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். நீங்கள் எழுதும் பதிவைப் பார்க்கப்போகிறவர் அந்த நூலைக் கண்ணால் கண்டிராதவர். தமிழில் தட்டச்சு செய்ய வசதியில்லாத கணினியின் முன் அவர் அமர்ந்திருக்கவும் கூடும். ஆகவே நூலில் இருப்பதை இருந்தபடியே எழுத வேண்டும். அந்த நூலைத் தேடி வரும் வழிகளை மட்டும் உலகெங்கும் ஒரே சீராக அமைக்க வேண்டும். இந்த இரண்டையும் கலந்துவிடுவதுதான் தொடக்கத்தில் பலரும் செய்யும் பிழை.

கருவிகள் இரண்டு. எதை எழுதுவது என்று சொல்லும் விதிநூல் ஆர்.டி.ஏ.; அதை எந்த இடத்தில் எழுதுவது என்று சொல்லும் வடிவம் மார்க் 21. பின்னது 1960களில் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தில் ஹென்ரியட் ஆவ்ரம் உருவாக்கிய மார்க் வடிவத்தின் வழிவந்தது. மென்பொருள் இல்லையே என்று தயங்க வேண்டாம். நியூசிலாந்தின் ஒரு சிறிய நூலகத்துக்காக எழுதப்பட்டு 2000-இல் பயன்பாட்டுக்கு வந்த கோஹா இலவசமாகவே கிடைக்கிறது.

முதற்படி: தலைப்புப் பக்கத்தைத் திறவுங்கள்

ஒரு திருக்குறள் உரைநூல் உங்கள் மேசையில் இருப்பதாகக் கொள்வோம். அட்டையைப் பார்த்து எழுதாதீர்கள். உள்ளே இருக்கும் தலைப்புப் பக்கமே ஆதாரம். அங்கே ‘திருக்குறள் மூலமும் உரையும்’ என்று இருந்தால் அதையே எழுத வேண்டும், சுருக்கவோ திருத்தவோ கூடாது. ஆண்டு திருவள்ளுவர் ஆண்டில் இருந்தால் அதை அப்படியே எழுதி, 31-ஐக் கழித்துக் கிடைக்கும் பொது ஆண்டைப் பகர அடைப்புக்குள் சேருங்கள்: திருவள்ளுவர் ஆண்டு 2030 [1999]. பழைய நூல்களில் ‘விபவ’ என்று மட்டும் இருக்கும். அறுபது ஆண்டுகளுக்கு ஒருமுறை அந்தப் பெயர் திரும்பி வருவதால் அது 1928 ஆகவும் இருக்கலாம், 1988 ஆகவும் இருக்கலாம். தாள், அச்சகத்தின் பெயர், முன்னுரையின் தேதி ஆகியவற்றைப் பார்த்தே முடிவு செய்யுங்கள்.

இரண்டாம் படி: புலங்களை நிரப்புங்கள்

மார்க் வடிவத்தில் ஒவ்வொரு விவரத்துக்கும் எண்ணிட்ட ஓர் இடம் உண்டு, அதுவே புலம். 100-ஆம் புலத்தில் ஆசிரியர், 245-இல் தலைப்பு, 250-இல் பதிப்பு, 264-இல் வெளியீட்டு விவரம், 300-இல் பக்கமும் உயரமும், 650-இல் பொருள், 700-இல் உரையாசிரியர். உயரத்தைச் செ.மீ.-இல் அளந்து அடுத்த முழு எண்ணுக்கு ஏற்றுங்கள், 21.3 என்றால் 22. திருக்குறளுக்கு எத்தனையோ தலைப்புகளில் பதிப்புகள் உள்ளன. அவை அனைத்தும் ஓரிடத்தில் சேர 240-ஆம் புலத்தில் ‘திருக்குறள்’ என்ற சீர்தலைப்பைத் தாருங்கள்.

மூன்றாம் படி: பெயரை நிலைப்படுத்துங்கள்

என் பார்வையில் பட்டியலாக்கத்தின் உயிர்நாடி இதுதான். உ.வே.சா., உ. வே. சாமிநாதையர், சாமிநாத ஐயர், சுவாமிநாதையர் என்று ஒருவரே பல வடிவங்களில் அச்சாகியிருக்கிறார். ஒவ்வொரு வடிவத்தையும் தனித்தனி ஆசிரியராக ஏற்றினால், அவர் பதிப்பித்த நூல்கள் பட்டியலின் நான்கு மூலைகளில் சிதறிவிடும். ‘சாமிநாதையர், உ. வே., 1855-1942’ என்ற ஒரு வடிவத்தை முதன்மை வடிவமாக வைத்து, மற்றவற்றை அதற்கு வழிகாட்டும் மாற்று வடிவங்களாகப் பெயர்ப் பதிவில், அதாவது அந்த ஆசிரியரின் பெயருக்கென்றே வைக்கும் தனிப் பதிவில், சேருங்கள். முன்னெழுத்து ஊரையோ தந்தையையோ குறிப்பதே தவிர மேற்கத்திய குடும்பப் பெயர் அன்று. எனவே இயற்பெயரையே முன்னால் வைக்க வேண்டும். புதிய வடிவம் எதையும் நீங்களாக உருவாக்கும் முன், பல நாட்டுத் தேசிய நூலகங்களின் பெயர்க் கோப்புகளை இணைக்கும் வியாஃப் தளத்தில் தேடிப் பாருங்கள்.

நான்காம் படி: எழுத்தைச் சரிபாருங்கள்

ஒருமுறை ‘கௌரி’ என்று தேடியபோது, அலமாரியில் என் கண்ணெதிரே இருந்த நூல் திரையில் வரவில்லை. பதிவைத் திறந்து ஒவ்வோர் எழுத்தாக நகர்த்திப் பார்த்த பிறகே புரிந்தது: தட்டச்சு செய்தவர் ஔகாரக் குறிக்குப் பதிலாக ‘கெ’ என்று எழுதி, அடுத்து ‘ள’ சேர்த்திருந்தார். கண்ணுக்கு இரண்டும் ஏறத்தாழ ஒன்றே, கணினிக்கு வெவ்வேறு சொற்கள். கால் குறிக்குப் பதிலாக ‘ர’ இட்டுவிடுவதும் இதைப் போன்றதே. யூனிகோடு அல்லாத பழைய எழுத்துருக்களில் உள்ள பதிவுகளை மாற்றிய பின்னரே ஏற்றுங்கள். இல்லாவிட்டால் வெளியூர் நூலகருக்குப் பொருளற்ற குறிகளே தெரியும்.

ஐந்தாம் படி: இரு வரிவடிவங்களையும் இணையுங்கள்

வெளிநாட்டு நூலகங்களோடு பகிர்ந்துகொள்ளும் பதிவில் தலைப்பை ரோமன் எழுத்தில் 245-இலும், அதன் தமிழ் வடிவத்தை 880-ஆம் புலத்திலும் எழுதுவது பரவலான வழக்கம். அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் பின்பற்றும் எழுத்துப்பெயர்ப்பு முறையில் ‘ற’ அடிக்கோடிட்ட ஆர் ஆகவும், ‘ள’ கீழ்ப்புள்ளியிட்ட எல் ஆகவும், ‘ழ’ அடிக்கோடிட்ட எல் ஆகவும் வரும். இரண்டு புலங்களும் ஒன்றையொன்று அறிய, 6 என்ற துணைப்புலத்தில் (புலத்துக்குள் இருக்கும் உட்பகுதியில்) 245-இல் 880-01 என்றும், 880-இல் 245-01 என்றும் குறியுங்கள். நாம் ஆங்கிலத்தில் வழக்கமாக எழுதும் கோடும் புள்ளியும் இல்லாத எழுத்துக்கூட்டலை 246-இல் சேர்த்தால், அப்படித் தேடுபவரும் நூலை அடைவார். 008-ஆம் புலத்தின் 35 முதல் 37 வரையுள்ள இடங்களில் தமிழுக்குரிய மூன்றெழுத்து மொழிக் குறியை மறக்காதீர்கள். அது விடுபட்டால், தமிழ் நூல்களை மட்டும் வடிகட்டிக் கேட்பவருக்கு உங்கள் நூல் தென்படவே செய்யாது.

சேமித்ததும் உடனே வெளியே அனுப்பிவிட வேண்டாம். வாசகர் பயன்படுத்தும் தேடல் பக்கத்துக்குச் சென்று, தமிழ்த் தலைப்பு, ரோமன் தலைப்பு, சீர்தலைப்பு, ஆசிரியர் பெயரின் ஒவ்வொரு மாற்று வடிவம் என எல்லாவற்றையும் ஒன்றன்பின் ஒன்றாகத் தட்டித் தேடுங்கள். அனைத்தும் அதே பதிவுக்கு வந்து சேர்ந்தால், அதை மார்க் கோப்பாக ஏற்றுமதி செய்து பல நூலகங்களின் பதிவுகளை ஒன்றாகக் காட்டும் கூட்டுப்பட்டியலுக்கு அனுப்பலாம்.