பத்தாயிரத்துக்குள் கிட்டார்: கடைக்குப் போகும்போது நாலு கார்டு கொண்டுபோங்கள்

எங்கள் திருநெல்வேலிப் பக்கம் கிட்டார் ஆசை பெரும்பாலும் கோயிலில்தான் (சர்ச்சைத்தான் சொல்கிறேன்) பிடிக்கும். பாளையங்கோட்டை, நாசரேத், மெஞ்ஞானபுரம் என்று எந்த ஊர்ப் பாடகர் குழுவை எடுத்தாலும் ஓரத்தில் ஒருத்தன் கிட்டாரோடு நிற்பான். அவனைப் பார்த்து ஞாயிறு பள்ளியில் பத்துப் பேருக்கு ஆசை வரும். டிசம்பர் கேரல் ரவுண்ட்ஸ் முடிந்த கையோடு அப்பாமார் கேட்க ஆரம்பித்துவிடுவார்கள்: "பையன் கிட்டார் கேக்கான், எந்தக் கம்பெனி வாங்கலாம்?"

கம்பெனி பேர் சொல்வது சுலபம். ஆனால் பத்தாயிரத்துக்குள் வரும் கிட்டார்களில் ஒரே மாடலில் இரண்டு பீஸ் எடுத்தால் இரண்டும் இரண்டு மாதிரி இருக்கும். ஒன்று வெண்ணெய், இன்னொன்று கட்டை. அதனால் பேரைவிட, பீஸைப் பார்த்து எடுக்கத் தெரிந்துகொள்வதுதான் உபயோகம். என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இந்த விலையில் நாதத்தைத் தேடி அலையாதீர்கள், விரலுக்கு இலகுவாக இருக்கிறதா என்று பாருங்கள். கம்பி உயரமாக நிற்கிற கிட்டாரில் எஃப் கோர்டு (சுட்டுவிரலால் ஆறு கம்பியையும் சேர்த்து அமுக்கும் பிடி) பிடித்துப் பிடித்து விரல் வீங்கி, "நமக்கெல்லாம் இது வராது" என்று அலமாரி மேலே தூக்கிப் போட்டவர்கள் ஊருக்குள் நிறைய உண்டு.

படி 1: காசைப் பங்கு போடுங்கள்

கையில் எட்டாயிரம் இருந்தால் எட்டாயிரத்துக்கும் கிட்டார் வாங்கக் கூடாது. ஆறாயிரம், ஆறரையோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மிச்சத்தில் ஒரு நல்ல கம்பி செட், கேப்போ (கழுத்தில் மாட்டிச் சுருதி ஏற்றும் கவ்வி), பஞ்சு வைத்த பை, செட்டப் கூலி (கம்பி உயரத்தையும் கழுத்தையும் சரிசெய்வதற்கு) எல்லாம் வரவேண்டும். டியூனருக்குக் காசு வேண்டாம், போனில் கிட்டார்டியூனா மாதிரி இலவச ஆப் போதும். கோயிலில் வாசிக்கப் போகிறவர்களுக்குக் கேப்போ கட்டாயம். பாடுகிற அக்கா "கொஞ்சம் ஏத்துங்க" என்றால் கீபோர்டுக்காரர் ஒரு பட்டனைத் தட்டிவிட்டுச் சும்மா இருப்பார். நமக்குக் கேப்போதான் துணை.

சுமாராக விலை நிலவரம் இப்படி: மூவாயிரத்துக்குக் கீழே போனால் கழுத்துக்கு உள்ளே, அதன் வளைவைச் சரிசெய்யும் இரும்புத் தண்டான டிரஸ் ராடு இல்லாத பீஸ் மாட்ட வாய்ப்பு அதிகம். நாலாயிரம் முதல் ஆறாயிரம் வரை ஜுவாரெஸ், கேடென்ஸ் மாதிரி பிராண்டுகள் கிடைக்கும். எட்டாயிரத்துக்கு மேல், பத்தாயிரத்தை ஒட்டி யமஹாவின் எஃப்280, எஃப்310 வரும். பீஸுக்குப் பீஸ் வித்தியாசம் குறைவு என்பதால் யமஹாவுக்கு அந்தக் கூடுதல் காசு தகும் என்பேன்.

கடையில் "செமி அகௌஸ்டிக்" என்று, ஸ்பீக்கரில் இணைக்க பிக்கப் வைத்ததைக் காட்டுவார்கள். முதல் கிட்டாருக்கு அது வேண்டாம். அதே விலைக்கு பிக்கப் இல்லாததை எடுத்தால் மரமும் வேலையும் ஒரு படி மேலே கிடைக்கும். கோயிலில் மைக்கை முன்னால் வைத்தால் ஆயிற்று.

படி 2: எந்த அளவு, எந்தக் கம்பி

நைலான் கம்பி போட்ட கிளாசிக்கல் கிட்டார் விரலுக்கு மெத்தென்று இருக்கும், ஆனால் கழுத்து அகலம்: தலைப்பக்கம் கம்பிகள் உட்காரும் பட்டையான நட் பக்கம் 52 மில்லிமீட்டர் வரும். ஸ்டீல் கம்பி கிட்டாரில் அது 43-ஐ ஒட்டி இருக்கும். கீர்த்தனை, சினிமாப் பாட்டு என்று கோர்டு அடித்துப் பாடப்போகிறவர்களுக்கு ஸ்டீல்தான் சரி. கிளாசிக்கலை வாங்கிவிட்டு "சத்தம் பத்தல" என்று ஸ்டீல் கம்பியை மாட்டாதீர்கள். 12 கேஜ் (கேஜ் என்பது கம்பியின் கனம்) ஸ்டீல் செட் ஆறும் சேர்ந்து எழுபது கிலோவுக்கு மேல் இழுக்கும். அந்த இழுப்பில், மேல்பலகையில் கம்பிகளைப் பிடித்திருக்கும் பிரிட்ஜ் பெயர்ந்து கையில் வந்துவிடும்.

38 இன்ச், 41 இன்ச் என்று போட்டிருப்பது கிட்டாரின் மொத்த நீளம். 41 என்றால் பெரிய டிரெட்நாட் உடம்பு. பத்து, பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கும் சின்ன உடம்புக்காரருக்கும் அதைக் கட்டிப்பிடித்து உட்காருவதே சிரமம். 38 அல்லது 39 எடுங்கள். இதைவிட முக்கியமானது கம்பி அதிர்கிற நீளம், அதாவது ஸ்கேல். பெரும்பாலான ஸ்டீல் கிட்டார்களில் அது 648 மில்லிமீட்டர், யமஹா எஃப்310-இல் 634. அந்த 14 மில்லிமீட்டர் குறைவதால் அதே சுருதிக்குக் கம்பியில் இறுக்கமும் கொஞ்சம் குறையும். புது விரலுக்கு இது தெரியும்.

படி 3: மரத்தைப் பற்றி ரொம்ப யோசிக்க வேண்டாம்

"ஸ்ப்ரூஸ் டாப்" என்று எழுதியிருந்தால் முழுப் பலகை என்று நினைத்துவிடாதீர்கள். மேல்பலகையின் நடு ஓட்டையான சவுண்ட்ஹோலின் விளிம்பை வெளிச்சத்தில் பாருங்கள். மேலே தெரியும் ரேகைகள் விளிம்பில் வெட்டுவாய் வழியாக அப்படியே கீழே இறங்கினால் முழுப் பலகை. அடுக்கு அடுக்காகத் தெரிந்தால் ஒட்டுப்பலகை, அதாவது லேமினேட். பத்தாயிரத்துக்குள் ஏறக்குறைய எல்லாமே லேமினேட்தான். முழுப் பலகை டாப் வேண்டுமென்றால் யமஹா எஃப்ஜி800, ஃபெண்டர் சிடி-60எஸ் வகைக்குப் போகவேண்டும், பட்ஜெட் இரட்டிப்பாகும். நாதத்தில் வித்தியாசம் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் மே மாதக் கத்திரி வெயிலும் ஐப்பசி மழையும் மாறி மாறி அடிக்கிற நம் ஊரில் லேமினேட் சீக்கிரம் வெடிக்காது, வளையாது. பழகுகிறவருக்கு அது சௌகரியம்.

படி 4: கடையில்

வண்ணார்பேட்டையோ, ஜங்ஷனோ, நாகர்கோவிலோ, எந்தக் கடைக்குப் போனாலும் அவசரப்படாமல் காலையில் போங்கள். சாயங்காலம் கூட்டத்தில் உங்களுக்கு ஒரு பீஸ்தான் காட்டுவார்கள். பர்ஸில் ஏடிஎம் கார்டு, பிவிசி ஆதார், லைசென்ஸ் என்று எம்போஸ் இல்லாத தட்டையான கார்டு நாலு இருக்கட்டும். ஒரு கார்டின் கனம் 0.76 மில்லிமீட்டர். அதுதான் நம் அளவுகோல்.

முதல் வேலை, சுருதி சேர்ப்பது. இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். கடையில் தொங்குகிற கிட்டாரில் கம்பி பெரும்பாலும் தளர்ந்து கிடக்கும். தளர்ந்த கம்பி தாழ்வாகவும் அமுக்க இலகுவாகவும் இருக்கும். வீட்டுக்கு வந்து முறுக்கினால்தான் சுயரூபம் தெரியும். அதனால் "அண்ணாச்சி, டியூன் பண்ணிப் பாத்துக்கிடட்டுமா?" என்று கேட்டுவிட்டு, ஆப்பைத் திறந்து தடித்த கம்பியிலிருந்து இ, ஏ, டி, ஜி, பி, இ என்று சேருங்கள். சேர்க்கும்போதே கம்பியை முறுக்கும் சாவியின் லட்சணமும் தெரிந்துவிடும். திருகுகிறீர்கள், முள் அசையவில்லை, பிறகு திடீரென்று குதிக்கிறது என்றால் சாவி மட்டம்.

அடுத்தது கழுத்து. கிட்டாரின் அடிப்பக்கத்தைக் கண்ணருகே கொண்டுவந்து, ஆசாரி ரீப்பரைப் பார்ப்பது போல ஒரு கண்ணை மூடிக் கழுத்தின் ஓரத்தோடு பாருங்கள். லேசாக முன்பக்கம் குழிந்திருந்தால் நல்லது. பின்பக்கம் வளைந்தோ, திருகலாகவோ இருந்தால் கீழே வைத்துவிடுங்கள். கண்ணுக்குப் பிடிபடவில்லையென்றால் தடித்த கம்பியை முதல் ஃப்ரெட்டிலும் (கழுத்தில் குறுக்கே பதித்த உலோகப் பட்டைதான் ஃப்ரெட்) பதினாலாவதிலும் ஒரே நேரத்தில் அமுக்கி, ஏழாவது ஃப்ரெட் பக்கம் இடைவெளியைப் பாருங்கள். ஒரு விசிட்டிங் கார்டு கனம் இருந்தால் சரி. குழிவு கொஞ்சம் கூடுதல் என்றால் டிரஸ் ராடைத் திருகிச் சரிசெய்யலாம். ராடு இருக்கிறதா, அதன் ஆலன் கீ பெட்டியில் இருக்கிறதா என்று அப்போதே கேளுங்கள். ராடின் தலை சவுண்ட்ஹோலுக்கு உள்ளேயோ, தலைப்பலகையில் சின்ன மூடிக்குக் கீழேயோ இருக்கும்.

இப்போது கார்டுகளை எடுங்கள். கழுத்தில் பெரும்பாலும் இரட்டைப் புள்ளி போட்டிருக்கும் இடம் பன்னிரண்டாவது ஃப்ரெட். அந்த ஃப்ரெட் கம்பிக்கும் தடித்த கம்பிக்கும் நடுவே மூன்று கார்டை அடுக்கி மெதுவாகச் செருகுங்கள். மூன்று கார்டு என்பது 2.3 மில்லிமீட்டர் சுமார். மூன்று உரசிக்கொண்டு நுழைந்தால் அருமையான பீஸ். நாலு கார்டு இறுக்கமாக நுழைந்தால் செட்டப்பில் சரியாகும். நாலு போய் இன்னும் இடம் இருந்தால், எவ்வளவு அழகாக இருந்தாலும் அடுத்த பீஸைக் கேளுங்கள். மெல்லிய கம்பிக்கு மூன்று கார்டு தாராளமாக நுழைந்தாலே அதிகம். அளக்கும்போது கம்பியைக் கார்டு தூக்கிவிடக் கூடாது. தூக்கினால் அளவு பொய்.

கடைக்காரர் "தம்பி, கிட்டாருக்குள்ள கார்டு போட்டு யாரும் பாத்ததில்ல" என்று சிரிப்பார். சிரிக்கட்டும்.

நட் பக்கமும் பார்க்கவேண்டும். கம்பியை மூன்றாவது ஃப்ரெட்டில் அமுக்கி, முதல் ஃப்ரெட் மேலே எவ்வளவு இடைவெளி என்று பாருங்கள். ஒரு தாள் நுழையும் அளவு போதும். அங்கே உயரம் கூடினால் எஃப் கோர்டு எமனாகிவிடும்.

பிறகு பொறுமையாக ஒவ்வொரு கம்பியையும் ஒவ்வொரு ஃப்ரெட்டிலும் அமுக்கி மீட்டுங்கள். வாசிக்கத் தெரியாதவரும் இதைச் செய்யலாம். கரகரவென்று அடிக்கிற இடம், சத்தமே எழும்பாத இடம் தட்டுப்படும். ஒரு இடத்தில் மட்டும் கரகரத்தால் அங்கே ஒரு ஃப்ரெட் தூக்கியிருக்கிறது. அதைச் சரிசெய்யும் கூலி இந்த விலைக்குக் கட்டாது. அடுத்து, திறந்த கம்பியை ஆப்பில் முள் நடுவில் நிற்கும்படி சேர்த்துவிட்டு, பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் அதிகம் அழுத்தாமல் பிடித்து மீட்டுங்கள். அதே எழுத்து, முள் நடுவுக்குப் பக்கத்தில் வரவேண்டும். அஞ்சு சென்ட் (ஆப் காட்டும் சுருதி அளவு) அங்கே இங்கே போனால் பரவாயில்லை. பத்தைத் தாண்டினால் மேலே வாசிக்கும் கோர்டெல்லாம் அபசுரம் அடிக்கும்.

கடைசியாகக் கழுத்தின் இரு ஓரத்தையும் உள்ளங்கையால் தடவுங்கள். ஃப்ரெட் முனை சுரண்டக் கூடாது. பிரிட்ஜுக்குப் பின்னால் ஒரு தாளைச் செருகிப் பாருங்கள், நுழைந்தால் ஒட்டு விட்டுவருகிறது என்று பொருள்.

சத்தம் கேட்பதற்கு, வேறு யாரையாவது வாசிக்கச் சொல்லி நாலடி எதிரே நின்று கேளுங்கள். கிட்டார் சத்தம் முன்னால்தான் போகும். மடியில் வைத்திருப்பவருக்குப் பாதிதான் கேட்கும்.

படி 5: ஆன்லைன், பழையது

ஆன்லைனில் வாங்கினால் திருப்பி அனுப்பும் நாள் எத்தனை என்று பார்த்துவிட்டு ஆர்டர் போடுங்கள். பெட்டி பிரிப்பதை வீடியோ எடுங்கள், மேலே சொன்ன சோதனை எல்லாவற்றையும் அன்றைக்கே முடித்துவிடுங்கள். "புதுசு, ரெண்டு நாள்ல செட் ஆயிரும்" என்று விட்டால் தவணை போய்விடும்.

பழைய கிட்டார் நல்ல யோசனைதான். காலேஜ் முடித்து சென்னைக்கோ வெளிநாட்டுக்கோ போகிற பையன்கள் பாதி விலைக்குத் தள்ளிவிடுவார்கள். அதில் கூடுதலாகப் பார்க்கவேண்டியது இரண்டு: முதல் மூன்று ஃப்ரெட்களில் கம்பி தேய்த்துப் பள்ளம் விழுந்திருக்கிறதா, கழுத்து உடம்போடு சேரும் குதிகாலில் விரிசல் இருக்கிறதா. துருப்பிடித்த கம்பியைப் பார்த்துப் பயப்படவேண்டாம், அது மாற்றக்கூடியது.

படி 6: செட்டப்

வாங்கின வாரமே ஒரு செட்டப் செய்துவிடுங்கள். கடையில் வரும் கம்பி எப்போது மாட்டியது என்று யாருக்கும் தெரியாது. அதைக் கழற்றிவிட்டு 10 அல்லது 11 கேஜ் மாட்டுங்கள். கேஜ் மாறினால் கழுத்தின் இழுப்பும் மாறும் என்பதால் முதலில் கம்பி, பிறகு டிரஸ் ராடு, அதற்குப் பிறகு சேடில் (பிரிட்ஜில் கம்பிகள் ஏறி உட்காரும் பட்டை) என்ற வரிசையில் போகவேண்டும். ராடை ஒரு தடவைக்குக் கால் சுற்றுக்கு மேல் திருகக் கூடாது. கம்பி இன்னும் உயரம் என்றால் பிரிட்ஜில் இருக்கும் வெள்ளைச் சேடிலை உருவி, அடிப்பக்கத்தை மட்டும் கண்ணாடி மேல் விரித்த உப்புத்தாளில் தேய்க்கவேண்டும். பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் அரை மில்லிமீட்டர் இறங்கவேண்டுமானால் சேடிலில் ஒரு மில்லிமீட்டர் தேய்க்கணும். தேய்த்ததை ஒட்ட முடியாது, கொஞ்சம் கொஞ்சமாகப் போங்கள். கை நடுங்கினால் செட்டப் தெரிந்தவரிடம் கொடுத்துவிடுவது உத்தமம்.

படி 7: நம் ஊர்க் காற்றுக்கு

கிட்டார் மரத்துக்கு 45 முதல் 55 சதவீதம் ஈரப்பதம் பிடிக்கும். நமக்கு அது அபூர்வம். மழைக்காலத்தில் மேல்பலகை உப்பிக் கம்பி உயரும். கோடையில் பலகை இறங்கிக் கம்பி தாழ்ந்து கரகரக்கும். அப்போது கிட்டார் கெட்டுப்போச்சு என்று பதறாமல் ராடை லேசாகத் திருகினால் பெரும்பாலும் சரியாகும். வெயிலில் நிறுத்திய காருக்குள் மட்டும் வைக்காதீர்கள், பசை இளகிப் பிரிட்ஜ் தூக்கிக்கொள்ளும். கார்த்திகை மாதத்தில் வெளிச்சுவரில் மாட்டவும் வேண்டாம். அந்தச் சுவர் ஈரத்தை உறிஞ்சி நிற்கும்.

திருச்செந்தூர், உவரி பக்கம் இருக்கிறவர்களுக்குக் கம்பிதான் செலவு. உப்புக்காற்றில் சீக்கிரம் துருவேறும். வாசித்து முடித்ததும் பழைய பனியன் துணியால் ஒவ்வொரு கம்பியையும் அடிப்பக்கம் உட்படத் துடைத்து, பைக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டு போட்டு மூடுங்கள். தென்காசி, குற்றாலம் பக்கம் சாரல் சீசனில் ஜூனிலிருந்து ஆகஸ்ட் வரை இதே முறைதான். ஜெல் பாக்கெட்டில் நிறம் மாறும் வகையாக வாங்கினால் எப்போது மாற்றணும் என்று அதுவே காட்டிவிடும்.