லைட் போட்டால் ஏறும் ஹீட் முள்

என்னிடம் இருப்பது பழைய ஃபியட் 124 ஸ்பைடர். இத்தாலிய வடிவமைப்பு நிறுவனம் பினின்ஃபரினா வரைந்த உடம்பு, எஞ்சினியர் லம்ப்ரெடியின் இரட்டைக் கேம் எஞ்சின். எஞ்சின் தங்கம், தொல்லையெல்லாம் வயரிங்கில்தான். அதிலும் மட்டக்களப்பு கல்லடியின் உப்புக்காற்றில் கேட்கவே வேண்டாம்.

இரவில் ஹெட்லைட் போட்டால் எஞ்சின் சூட்டைக் காட்டும் ஹீட் முள் ஏறும், அணைத்தால் இறங்கும். தேர்மோஸ்டாட்டை மாற்று, ரேடியேட்டரைக் கழற்று என்று ஆளுக்கொரு வைத்தியம். தண்ணி உண்மையிலேயே கொதித்தால் லைட் அணைத்த கையோடு முள் இறங்குமா? வயரிங் பாஸ் ஒருவர்தான், "மனே, முதல்ல எர்த்தைப் பாரு" என்றார். எர்த் என்பது கரண்ட் பற்றரி நெகட்டிவ்வுக்குத் திரும்பும் வழி; அது கெட்டால் லைட்டின் கரண்ட் முள்ளையும் ஏமாற்றும்.

மல்டிமீட்டரின் ஒரு முனையை பற்றரி நெகட்டிவ்வில் வைத்து, மற்றதை டாஷ்போர்டுக்குப் பின்னால் கறுப்பு வயர்கள் சேரும் போல்ட்டில் தொட்டேன். லைட் எரியும்போது கிட்டத்தட்ட பூச்சியம் காட்ட வேண்டும். ஒரு வோல்ட்டைத் தாண்டியது. கழற்றினால் வயர் முனை வளையமெல்லாம் பச்சைக் களிம்பு, அடியில் துரு.

வெறும் இரும்பு தெரியும்வரை சாண்ட் பேப்பர் போட்டேன். புது வளையங்கள் அடித்து, இறுக்கிய பிறகு மேலே வாஸ்லின். அங்கிருந்து பற்றரிக்குத் தனியாக ஒரு தடித்த வயரும் இழுத்தேன். முள் இப்போது அசைவதில்லை. சுவிட்ச் கருகாமலிருக்க, ஹெட்லைட்டின் கரண்டை அதற்குப் பதிலாகத் தாங்கும் ரிலேயும் வைத்தாயிற்று. வாஸ்லின் மட்டும் மாரிக்கு முன் மறுபடி பூச வேண்டும்.